தொண்டமானும் அரைப் பேரும்

ஒரு குடும்பப் பெயரை எடுத்துக்கொண்டு, அப்பெயரைத் தாங்கிய புகழாளர்களையெல்லாம் காலவரிசையில் நிறுத்தி, முன்னவரின் மேன்மையே பின்னவருக்கும் வந்து சேர்ந்ததாகப் பேசும் கட்டுரை வகையொன்று நம்மிடையே நெடுங்காலமாகச் செல்வாக்குடன் வாழ்ந்து வருகிறது. பாராட்டு மலர்களுக்கும் மேடைப் பேச்சுக்களுக்கும் அது வசதியானது. ஆராய்ச்சி என்ற சிரமம் அதற்குத் தேவையில்லை. பெயர் ஒன்றாயிருந்தால் போதும்; இடையிலுள்ள ஆயிரம் ஆண்டுகளை ஒரு காற்புள்ளி கடந்துவிடும்.

மலையகத்தில் இந்த வித்தைக்கு இலக்காகக்கூடிய பெயர் எது என்பதை வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நானுஓயாவிலுள்ள பாடசாலை ஒன்றில் ஆசிரியர் கரும்பலகையிலே 'தொண்டமான்' என்று எழுதட்டும். பெரும்பாணாற்றுப்படையின் தலைவனையோ, கலிங்கம் வென்ற தளபதியையோ, புதுக்கோட்டை மன்னரையோ எந்த மாணவன் நினைக்கப் போகிறான்? அவன் வீட்டுச் சுவரிலே, தெய்வப் படங்களுக்கு அருகில், தலைமுறை தலைமுறையாகத் தொங்கும் படம் ஒன்று உண்டு. அந்தப் பெயர் அவனுக்குத் தெரியும். தன் பாட்டனின் பாட்டன் பெயர் என்னவென்று கேட்டால் தெரியாது. இந்த இரண்டு செய்திகளும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதே நம் கட்சி.

முதலில் பழைய தொண்டைமான்களைப் பார்த்துவிடுவோம். சேரமான், அதியமான், மலையமான் என்பனபோலத் தொண்டைமான் என்பதும் ஒரு நிலத்தின் தலைவனைக் குறிக்கும் சொல். காஞ்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பெரும்பாணாற்றுப்படையிலே பாடினார். ஐந்நூறு அடிகள் கொண்ட அப்பாட்டை மன்னன் புகழாக மட்டும் படிப்பவர்கள் அதன் செம்பாதிக்கு மேல் படிக்காதவர்களே. பாணன் காஞ்சியை அடைவதற்குள் எத்தனை மக்களைச் சந்திக்கிறான்! உப்பு வண்டிகளை ஓட்டிச் செல்லும் உமணர், நிலத்தைத் தோண்டிப் புல்லரிசி சேர்க்கும் எயினப் பெண்கள், ஆயர், உழவர், வலைஞர். இவர்களில் ஒருவருக்கும் பெயர் கிடையாது. பாட்டின் தலைவன் பெயரால் நூல் நிற்கிறது. நூலின் உயிரோ பெயரில்லாதவர்களின் உழைப்பிலே இருக்கிறது. இதனைப் புலவர் வேண்டுமென்றே செய்தார் என்று நாம் சாதிக்கவில்லை. கண்ட வாழ்வை மறைக்காத நேர்மை அவரிடம் இருந்தது, அவ்வளவே.

இன்னொரு தொண்டைமானைப் புறநானூற்றில் ஔவையார் சந்திக்கிறார். அதியமானின் தூதராகச் சென்றபோது அவன் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான் என்பது பழைய குறிப்பு. நெய் பூசி, பீலி அணிந்து, காவலுக்குள் பளபளக்கின்றன அவனுடைய ஆயுதங்கள். அதியமானுடையவையோ போரில் நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று புகழ்வதுபோலப் பழித்துவிட்டு வந்தார் அந்த மூதாட்டி. கருவியின் பெருமை அதன் உழைப்பிலே இருக்கிறது, ஒப்பனையில் இல்லை என்று ஓர் அரசன் முகத்துக்கு நேரே சொன்ன துணிவு அது. தொண்டைமான் புகழ்வரிசை தொகுப்போர் இந்தப் பாட்டை மட்டும் மறந்துவிடுவது ஏனோ!

சோழர் காலத்துக்கு வருவோம். முதற் குலோத்துங்கனின் படையை நடத்திக் கலிங்கத்தை வென்ற கருணாகரத் தொண்டைமானைச் சயங்கொண்டார் கலிங்கத்துப்பரணியில் போற்றினார். இங்கே கவனிக்க வேண்டிய மாறுதல் ஒன்று உண்டு. இளந்திரையன் ஆண்டதனால் தொண்டைமான். கருணாகரனோ அரசனுக்குப் பணி செய்த பெரிய அதிகாரி. பல்லவராயன், விழுப்பரையன் என்பவற்றைப் போலத் தொண்டைமானும் சோழ அரசு தன் அதிகாரிகளுக்கும் தளபதிகளுக்கும் வழங்கிய பட்டமாகிவிட்டது. நிலத்தின் பெயர் பதவியின் பெயராயிற்று. பதவி போனபின் பட்டம் குடும்பத்தில் தங்கிற்று. பின்னர் சாதிப் பட்டங்களில் ஒன்றாகவும் கலந்தது. ஆகவே தொண்டைமான்கள் எல்லாரும் ஒரே இரத்தம் என்பதும் ஒரே மரபு என்பதும் வெறுங் கற்பனை. ஒரே சட்டையைப் பல காலத்தில் பலர் அணிந்திருக்கிறார்கள்.

பதினேழாம் நூற்றாண்டின் இறுதியிலே, இராமநாதபுரம் கிழவன் சேதுபதியின் ஆதரவோடு இரகுநாதத் தொண்டைமான் புதுக்கோட்டையில் ஆட்சியை நிறுவினார். அக்குடும்பத்தின் பெயர் 1799ஆம் ஆண்டோடு பிணைக்கப்பட்டுவிட்டது. ஆங்கிலேயருக்குத் தப்பிச் சென்ற கட்டபொம்மன் புதுக்கோட்டைச் சீமையிலே பிடிக்கப்பட்டான். அவ்வாண்டு அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டான். காட்டிக் கொடுத்தவர் என்ற பழி தொண்டைமான் மேல் விழுந்தது. அப்பழி நியாயமற்றது என்று வாதிடும் வரலாற்றாசிரியர்களும் உண்டு. அவ்வழக்கை இங்கே தீர்ப்பது நம் வேலையன்று. கும்பினியோடு நட்புக் கொண்ட புதுக்கோட்டை 1948 மார்ச் மாதம் இந்தியாவுடன் இணையும்வரை தனிச் சமஸ்தானமாகவே நீடித்தது என்பது மட்டும் வரலாறு.

நமக்கு முக்கியமானது வேறொன்று. மலையகத்துக்கு ஆள் திரட்டப்பட்ட சீமைகள் எவை? திருச்சி, மதுரை, இராமநாதபுரம், சேலம், தஞ்சாவூர், அவற்றோடு புதுக்கோட்டை. பஞ்சத்திலும் கடனிலும் வாடிய மக்கள் கங்காணியின் முன்பணத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, கடல் கடந்து, முதலில் காப்பிக்கும் பின்னர் தேயிலைக்கும் வந்தார்கள். அவர்களுள் புதுக்கோட்டைக் குடிகள் ஒரு தொண்டைமானின் ஆட்சியிலிருந்து புறப்பட்டார்கள். நூறாண்டு கழித்து அவர்களுடைய பேரப் பிள்ளைகள் இன்னொரு தொண்டமானின் சங்கத்திலே சந்தா கட்டினார்கள். பெயர் ஒற்றுமையைக் கொண்டு பெருமை பேசுவோர் இந்த ஒற்றுமையையும் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.

இலக்கிய மாணவர்கள் அறிய வேண்டிய இரு தொண்டைமான்கள் திருநெல்வேலியில் பிறந்தார்கள், உடன்பிறந்தவர்கள். மூத்தவர் தொ. மு. பாஸ்கரத் தொண்டைமான், 1904இல் பிறந்தவர், உயர் அரசாங்க அதிகாரியாயிருந்தவர், 'வேங்கடம் முதல் குமரி வரை' என்று கோயில் கோயிலாகச் சென்று எழுதியவர். இளையவர் 1923இல் பிறந்த தொ. மு. சி. ரகுநாதன், கைத்தறி நெசவாளர் துயரைப் 'பஞ்சும் பசியும்' நாவலாக்கியவர், 'சாந்தி' என்ற முற்போக்கு மாத இதழை நடத்தியவர். ஒரே தந்தை, ஒரே வீடு. அண்ணன் பெயரின் ஈற்றிலே பட்டம் முழுமையாக நிற்கிறது. தம்பியின் பெயரிலே அது 'தொ.' என்ற ஒரே எழுத்தாகச் சுருங்கி முன்னால் போய் ஒண்டிக்கொண்டது. வாசகர்களில் பெரும்பாலோர் அவ்வெழுத்தின் விரிவை அறியாமலே ரகுநாதனைப் படித்தார்கள். அவருக்கு அதனால் எந்தக் குறையும் வந்துவிடவில்லை. 1929இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விட்டொழிக்கும்படி தீர்மானித்தது. தமிழ்நாட்டிலே அதன்பின் எத்தனையோ பட்டங்கள் பெயர்களிலிருந்து உதிர்ந்தன. ஒரு பட்டம் எழுத்தாகத் தேய்வதும் பின்பு அதுவும் மறைவதும் சமுதாயம் முன்னே செல்கிறது என்பதற்கு ஓர் அடையாளம்.

ஆனால் கடலுக்கு இப்பால் நடந்தது இதற்கு நேர்மாறானது. இங்கே பட்டம் தேயவில்லை, வளர்ந்தது.

தமிழருக்குக் குடும்பப் பெயர் என்ற ஒன்று வழக்கில் இருந்ததில்லை. தகப்பன் பெயரின் முதலெழுத்து, அதன்பின் தன் பெயர். அடுத்த தலைமுறையில் அந்த முதலெழுத்தும் மாறிவிடும். ஆங்கிலேயரின் கச்சேரியும் சட்டமும் இந்த ஏற்பாட்டைப் புரிந்துகொள்ளவில்லை. பாரத்தை நிரப்ப வேண்டுமானால் குடும்பப் பெயர் வேண்டும். படித்த, சொத்துள்ள குடும்பங்கள் ஒரு குடும்பப் பெயரை உண்டாக்கிக்கொண்டன. ஜீ. ஜீ. பொன்னம்பலத்துக்குப் பொன்னம்பலம் என்பது பெற்றோர் இட்ட சொந்தப் பெயர். மகன் குமார் பொன்னம்பலத்துக்கு அதுவே குடும்பப் பெயராயிற்று. பேரன் கஜேந்திரகுமாருக்கும் அதுவே. அரசியலிலே ஒரு தனிமனிதனின் பெயர் வமிசத்தின் பெயராவதற்கு ஒரே தலைமுறை போதும்!

சௌமியமூர்த்தி தொண்டமான் என்ற பெயரையும் இவ்வாறே படிக்க வேண்டும். 'எஸ். தொண்டமான்' என்று செய்தித்தாளில் கண்ட ஒரு தமிழர், தம் வழக்கப்படி, சௌமியமூர்த்தி என்பவரின் மகன் தொண்டமான் என்றே பொருள் கொள்வார். உண்மையில் அவர் கருப்பையாவின் மகன் சௌமியமூர்த்தி. தந்தையின் பெயர் எழுத்தாகக்கூட எஞ்சவில்லை. சொந்தப் பெயர் எழுத்தாயிற்று. பட்டம் முழுப் பெயராயிற்று. தொண்டைமானில் இருந்த ஐகாரமும் கப்பலேறும்போது கழன்று விழுந்துவிட்டது. 1913இல் தமிழ்நாட்டிலே பிறந்து, சிறுவனாக இலங்கைக்கு வந்த அவருடைய தந்தை, கங்காணித் தொழிலிலிருந்து உயர்ந்து இறம்பொடைப் பக்கத்திலே வெவண்டன் தோட்டத்தின் சொந்தக்காரராகியவர். தோட்ட முதலாளியின் மகன் தோட்டத் தொழிலாளரின் தலைவரானார் என்பது இந்நாட்டு வர்க்க வரலாற்றின் விசித்திரங்களில் ஒன்று; அதனை அவருடைய எதிரிகள் சொல்லிக் காட்டியதுபோலவே ஆதரவாளர்களும் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இனி, அந்தச் சங்கத்திலே சந்தா கட்டியவரின் பெயரைப் பார்ப்போம். தோட்டத்திலே 'பேர்' என்ற சொல்லுக்கு அகராதியில் இல்லாத ஒரு பொருள் உண்டு என்பதை மலையக ஆசிரியர்கள் அறிவார்கள். மற்றை வாசகருக்காகச் சொல்கிறோம். பேர் என்றால் ஒரு நாட்சம்பளம். காலையிலே பெரட்டுக் களத்தில் நின்று, செக்ரோலில் பதிந்து, குறித்த இறாத்தல் கொழுந்து எடுத்துக் கொடுத்தால் 'ஒரு பேர்'. மழையாலோ, நோயாலோ, மலை வறண்டு போனதாலோ நிறை குறைந்தால் 'அரைப் பேர்'. 'இந்த மாதம் எத்தனை பேர்?' என்று ஒரு பெண் இன்னொருத்தியைக் கேட்டால், அவள் ஆட்களை எண்ணச் சொல்லவில்லை. வாழ்ந்த நாட்களை எண்ணச் சொல்கிறாள். ஒரு மனிதப் பிறவியின் பெயரை இரண்டாக வெட்டிப் பாதியை மட்டும் கணக்கில் வைக்க முடியும் என்று உலகில் வேறெந்தத் தொழில்துறை கண்டுபிடித்தது? எத்தனையோ பொருளாதார நூல்கள் சொல்ல வேண்டியதை இந்த ஒரு சொல் சொல்லிவிடுகிறது. உழைப்புச் சக்தி விலைப்பொருளாகும்போது மனிதனின் அடையாளமும் அதனோடு சேர்ந்தே தராசில் ஏறுகிறது. தொழிலாளர்கள் கசப்பும் கேலியும் கலந்து வைத்துக்கொண்ட சொல் இது. நம் கவிஞர்கள் இதனைப் போதிய அளவு கண்டுகொள்ளவில்லை என்றே கருதுகிறோம்.

செக்ரோலிலே பெயரை எழுதியவர் தொழிலாளி அல்லர். கணக்கப்பிள்ளையும் கிளாக்கரும் காதில் விழுந்ததை எழுதினார்கள்; துரை ஆங்கிலத்தில் அதனை இன்னொரு விதமாகப் படித்தார். இதனால் என்ன கெட்டது என்று கேட்பவர்களுக்கு 1948ஆம் ஆண்டு விடை சொல்லிற்று. அவ்வாண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் இங்கே பிறந்தவரிடமும் தகப்பனோ, அன்றேல் பாட்டனும் பூட்டனுமோ இந்நாட்டிலே பிறந்ததற்குச் சான்று கேட்டது. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானியர் சட்டமோ, மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் தொடர்ந்து வசித்ததை நிரூபிக்கும்படி கேட்டது. கருப்பாயி என்ற பெண் பிறப்புப் பதிவிலே கருப்பி என்றும், செக்ரோலிலே கறுப்பாய் என்றும், இன்னொரு தோட்டத்துத் துண்டிலே வேறொரு விதமாகவும் எழுதப்பட்டிருந்தாள் என்று வைத்துக்கொள்வோம். மூன்று பேரும் ஒருத்தியே என்று யார் சாட்சி சொல்வது? லயத்து அயலார் அறிவார்கள். ஆனால் அவர்களும் நாடற்றவர்களே. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. பிரஜாவுரிமை கிடைத்தோர் 1,34,000 அளவினரே. பின்னர் 1964 அக்டோபரில் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 மக்களைப் பங்கு போட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்வதற்கு! அந்த மிச்சத்தை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். அரைப் பேரின் கணக்கு அரசாங்கங்களின் மேசைக்கும் வந்துவிட்டது.

இத்தகைய மக்களின் மத்தியிலேதான் ஒரு முழுப் பெயர் எழுந்தது. அதன் ஈர்ப்பு எங்கிருந்து பிறந்தது என்பதை இப்பின்னணியில் வைத்தே விளங்கிக்கொள்ள முடியும். தன் பெயரே ஐயத்துக்கிடமான மனிதன், யாராலும் மறுக்க முடியாத ஒரு பெயரின் நிழலில் நிற்க விரும்பினான். அதனை அறியாமை என்று ஏளனம் செய்யும் நகரத்து அறிவாளிகளோடு நமக்கு உடன்பாடு இல்லை. 1947இல் நுவரெலியாத் தொகுதி தொண்டமானைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. அடுத்த தேர்தலுக்குள் அவரை அனுப்பியோரின் வாக்குரிமை பறிபோயிற்று. 1952இல் சத்தியாக்கிரகம் நடந்தது. 1960இல் நியமன உறுப்பினராகவும், 1977இல் மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டும், 1978இல் மந்திரியாகவும் அவர் சென்ற பாதையிலே சமரசங்கள் பல. ஆயினும் 1984ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின் பின் பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒரே சம்பளம் வந்ததும், 1988இல் நாடற்றோர் நிலையை முடிக்கச் சட்டம் வந்ததும் அவர் காலத்திலேயே. அவற்றில் அவருக்குப் பங்கில்லை என்பது நேர்மையாகாது. அவை அவருடைய கொடை என்பதும் நேர்மையாகாது. மந்திரிசபையிலே அவர் குரலுக்கு எடை தந்தது எது? கொழுந்து எடுக்க மறுத்து மலையிலிருந்து இறங்கிவிட்ட கைகள். தொண்டமான் என்ற சொல்லுக்கு இருபதாம் நூற்றாண்டில் பொருள் தந்தவர்கள் காஞ்சியிலோ புதுக்கோட்டையிலோ இல்லை. அரைப் பேர் வாங்கியவர்கள் தந்தார்கள்.

பலர் சேர்ந்து ஆக்கிய பொருள் தனிச் சொத்தாகப் பின்வழிக்குப் போகும்போதுதான் விமர்சகன் வாய் திறக்க வேண்டியிருக்கிறது. 1999 அக்டோபரில் அவர் மறைந்தார். தலைமை பேரனாகிய ஆறுமுகன் தொண்டமானிடம் வந்தது. அவர் 2020 மே மாதம் மறைய, அவ்வாண்டு ஆகஸ்டுத் தேர்தலிலேயே மகன் ஜீவன் தொண்டமான் பாராளுமன்றம் சென்றார். இவர்களுடைய திறமையையோ திறமைக் குறைவையோ இங்கே நாம் அளக்கவில்லை. சேனநாயக்கா, பண்டாரநாயக்கா, ராஜபக்ஷ என்று இந்நாட்டின் ஆளும் வர்க்கமே குடும்பப் பெயர்களால் வாக்குக் கேட்டுப் பழகியது. அப்பழக்கம் மலைக்கு மட்டும் வராது என்று எதிர்பார்க்க முடியுமா? நாம் கேட்பது ஒன்றுதான். தொழிலாளர் அமைப்பிலே நான்கு தலைமுறையாகப் பிரட்டுக்கு நின்ற குடும்பங்கள் ஆயிரம் ஆயிரம் இருக்க, தலைமையின் பெயர் மட்டும் ஒரே வீட்டில் தங்கியதை இயல்பென்று ஏற்கும் மனம் எப்படி உருவாயிற்று? அதை உருவாக்கியதில் நம் எழுத்தாளர்களுக்கும் பங்குண்டு. மலையக வரலாறு எழுதுவதாகப் புறப்பட்டு ஒரு பெயரின் வரலாற்றை எழுதி முடித்தவர்கள் பலர்.

ஏனெனில் வேறு பெயர்கள் இல்லாமலில்லை. கோ. நடேசய்யர் 1931இல் அட்டனிலே தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தபோது, கங்காணிகளின் பகையும் துரைமாரின் பகையும் ஒருசேர அவரைச் சூழ்ந்தன. அவர் பெயரிலும் ஒரு சாதிப் பட்டம் தொங்கியது உண்மை. ஆயினும் அவர் அதை வைத்து வமிசம் நடத்தவில்லை. மனைவி மீனாட்சியம்மாள் தொழிலாளர் நடுவே பாடியே இயக்கம் வளர்த்தார். அவருடைய பெயரோ கணவரின் வரலாற்றிலே ஓரிரு வரியாக அடங்கிப்போகிறது. மடக்கும்புரத் தோட்டத்திலே 1914இல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை, 1947இல் தலவாக்கலையின் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் சென்றார். தேயிலைத் தோட்டத்து வாழ்வை ஆங்கிலக் கவிதையாக உலகுக்குச் சொன்னார். தோட்டத்து வாய்மொழிப் பாடல்களைச் சேகரித்தார். அவரை மலையகம் 'ஸி.வி.' என்றே அழைத்தது. முதலெழுத்து முழுப் பெயரையும் விழுங்கிய அதிசயம் இது! அந்த எழுத்துக்களை யாரும் வாரிசாகப் பெற முடியாது. பாடல்களை மட்டுமே பெறலாம். அவர் தொகுத்தவற்றைப் பாடியவர்களுக்கோ பெயரே இல்லை; பெரும்பாலும் பெண்கள்.

இன்னும் இருவர். 1940 ஜனவரியிலே முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது பொலிசார் சுட்டதில் கோவிந்தன் இறந்தார். 1977 மே மாதம், தோட்டக் காணிகள் பறிபோவதை எதிர்த்துத் திரண்ட டெவன் தோட்டத்து மக்கள்மீது நடந்த துப்பாக்கிச் சூட்டிலே சிவனு லட்சுமணன் உயிர் நீத்தார். ஒருவருக்குத் தகப்பன் பெயரும் பொது வழக்கிலே எஞ்சவில்லை. மற்றவருக்குத் தகப்பன் பெயர் முழுமையாக முன்னே நிற்கிறது. ஆனால் மக்கள் இவர்களைச் சொல்லும்போது முல்லோயா கோவிந்தன், டெவன் சிவனு லட்சுமணன் என்றே சொல்கிறார்கள். கச்சேரிப் பாரம் கேட்ட குடும்பப் பெயருக்குப் பதிலாக, வேலை செய்து விழுந்த மண்ணின் பெயரைத் தாங்களே முன்னால் வைத்துவிட்டார்கள்.

அந்த மண்ணின் பெயரும் அவர்கள் வைத்ததன்று. 1885இல் இரயில் நானுஓயாவை எட்டியபோது சுற்றியிருந்த மலைகளுக்கு வெள்ளைக்காரர் தம் ஊர் நினைவிலே பெயர் சூட்டியிருந்தார்கள். எடின்புரோ, கிளாசோ என்று ஸ்கொத்லாந்து இங்கே வந்து குடியேறிவிட்டது. அந்தப் பெயர்களைக் கங்காணியும் கொழுந்துக்காரியும் தம் நாவுக்கு வளைத்துக்கொண்டார்கள். பல தோட்டங்களுக்குச் சொந்தமாகத் தமிழ்ப் பெயரும் வைத்தார்கள். லயத்துக்கு இன்றும் தனி முகவரி கிடைக்காத இடங்கள் உண்டு. ஒரே தோட்டத்தில் நான்கு இராமசாமிகள் இருந்தால் தபால்காரருக்கு எந்தக் குடும்பப் பெயரும் உதவுவதில்லை. எந்த டிவிசன், எத்தனையாம் லயம், யாருடைய மகன் என்று விசாரித்தே கடிதத்தைக் கொடுக்க வேண்டியிருக்கிறது.